‘வாரேன்’ என்றொரு சொல்

கடற்கரைச் சனங்கள் எதற்கும் தங்களுக்கென்று ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த அந்தக் கட்டடத்தில் அரசாங்கம் ‘மந்தகதி ஒளியிழைச் சேமிப்பகம்’ என்று பலகை மாட்டியிருந்தது. அவர்கள் வைத்த பெயர் சோம்பேறிக் கம்பி. கொஞ்ச நாளில் அங்கே வேலை பார்த்த இஞ்சினியர்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பலகையில் இருந்த பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

பிரான்சிஸ்கா அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் மூன்று வருடமாகக் கேட்பாளராக இருந்தாள். கடலிலிருந்து வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்களின் குரலைக் கேட்டு, வள்ளம் நலமா, திரும்புகிறதா, ஆபத்தா என்று மூன்றில் ஒரு பொத்தானை அமுக்குவது அவள் வேலை. பன்னிரண்டு நாட்களாக அவள் கீழ்த்தளத்துக்கு இறங்கவில்லை. அங்கே சுவரோடு சுவராகச் சுற்றிவைத்த கண்ணாடிக் கம்பிக்குள் அவள் புருசன் கஸ்பாரின் குரல் சுற்றிக்கொண்டிருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை அலுவலர் முன்னால் அதை வெளியே எடுக்கப் போகிறார்கள். எடுத்தால், அவனையும் அவனோடு போன மூன்று பேரையும் அவள்தான் சாகக் கொடுத்தாளா என்பது தெரிந்துவிடும்.

இன்றைக்கு அவள் இறங்கினாள். கம்பியைப் பராமரிக்கிற சங்கரலிங்கம் மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர். யாரிடமும் சத்தம் போட்டுப் பேசி அவள் பார்த்ததில்லை.

“வாங்க யம்மா. உக்காருங்க.”

“இன்னும் இருக்கா சார்?”

“இருக்கு. தேஞ்சு போயி இருக்கு.”

அவள் உட்காரவில்லை. கம்பியைப் பார்த்தாள். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை; மீன்வலை நூலைவிடக் கொஞ்சம் தடிப்பு, வெளிறின மஞ்சள் நிறம், ஆயிரக்கணக்கான சுற்று.

“அன்னைக்கு மிஷின் எனக்குக் காட்டாத ஏதாவது இதுக்குள்ள இருக்குமா?”

“கரையில நம்ம வச்சிருக்கது வெறும் ஆன்டெனாவும் ஒரு லேசரும்தான். உப்புக்காத்துல வேற எந்தச் சாமானும் ஆறு மாசம் தாங்காது. அதனால அங்க எதையும் பிரிக்கிறதும் இல்ல, நம்பரா மாத்துறதும் இல்ல. ரேடியோ அலை எப்படி வருதோ அப்படியே வெளிச்சத்து மேல ஏத்தி, ஃபைபர் வழியா இங்க அனுப்பிருதோம். இடியும் வரும், இரைச்சலும் வரும், மனுசக் குரலும் வரும். இங்க வந்த பொறவுதான் மிஷின் இரைச்சல வெட்டிட்டு உங்க காதுக்குக் குடுக்கு.”

“வெட்டும்போது குரலும் சேந்து போவும்.”

“போவும். என்ன போச்சுன்னு மிஷினுக்கே தெரியாது. அதுக்குத்தான் இந்தச் சோம்பேறி. இந்தக் கண்ணாடிக்குள்ள வெளிச்சம் ஊந்துதான் போவும். ஒரு நிமிசத்து அலைய முழுசா உள்ள போட்டுச் சுத்த விடலாம். கம்ப்யூட்டர் தனக்குக் கேட்டதத்தான் எழுதி வைக்கும் யம்மா. இதுக்குள்ள கேக்காததும் இருக்கு.”

கேட்காததும் இருக்கிறது. பிரான்சிஸ்கா கம்பியை விட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

“ஒவ்வொரு சுத்துக்கும் வெளிச்சம் மங்கும். பூஸ்டர் அதத் தூக்கிவிடும். தூக்கும்போது தன்னோட இரைச்சலையும் கொஞ்சம் சேத்துரும். பன்னெண்டு நாளாச்சு. இனி ஒரே ஒரு தடவ வெளிய எடுத்துக் கேக்கலாம். அதோட உள்ள ஒண்ணும் மிஞ்சாது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்லட்டா? இந்தப் பூஸ்டர ஒரு நிமிசம் நிப்பாட்டுனா போதும், குரல் அணைஞ்சிரும். கரண்டு போச்சுன்னு நான் எழுதிக்கிடுதேன். செத்தவங்க திரும்பி வரப் போறதில்ல. நீங்களாவது இருக்கணும்லா.”

அவள் தலை தானாக ஆடியது. சம்மதமா மறுப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. “சாயங்காலத்துக்குள்ள சொல்லுதேன் சார்,” என்று மேலே ஏறிவிட்டாள்.

மேலே தன் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவளுக்குக் கஸ்பார் கடைசியாகக் கிளம்பின காலைதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் கரையில் யாரும் வீட்டைவிட்டு இறங்கும்போது ‘போறேன்’ என்று சொல்வதில்லை. கடைக்குப் போகிறவனும் ‘வாரேன்’, கடலுக்குப் போகிறவனும் ‘வாரேன்’. வீட்டில் இருக்கிறவர்கள் ‘வாங்க’ என்பார்கள். வந்து சேருவதை வாசலிலேயே சொல்லி வாங்கிக்கொள்வது அது. வயர்லெஸ்ஸிலும் அப்படித்தான்; பேச்சு முடிந்தால் ‘வாரேன்’ என்று சொல்லி முடிப்பார்கள். கரைக்குத் திரும்புகிற வள்ளமும் ‘வாரேன்’ என்றுதான் சொல்லும். எது விடைபெறுகிற வாரேன், எது திரும்பி வருகிற வாரேன் என்று மிஷினுக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் கடற்கரைப் பெண்களைத் தேடிப்பிடித்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அன்றைக்குக் கஸ்பாரிடம் அவள், வாடைக்காற்று திரும்புது, இன்னைக்கு வேண்டாம் என்றாள். “ஃபேனுக்கடியில உக்காந்துகிட்டு எனக்குக் கடலப் படிச்சுக் குடுக்காத,” என்றான் அவன். வார்த்தை தடித்தது. இரண்டு பேருமே வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். கடைசியில் அவன் வலைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, வேண்டுமென்றேதான், “போறேன்” என்றான்.

அவள் அடுப்பைப் பார்த்தபடியே, “போங்க” என்றாள்.

அவ்வளவுதான். பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் அந்த இரண்டு சொல்லும் அந்த வாசலில் விழுந்தது அதுதான் முதல் தடவை. அவள் பஸ் ஏறி வேலைக்கு வந்தாள். மூன்று நாற்பதுக்கு வானம் கறுத்து, பதின்மூன்று வள்ளங்கள் ஒரே நேரத்தில் கூப்பிட, அதற்கு நடுவில், “பிரான்சி” என்று ஒரு குரல் வந்தது. மையம் என்றுதான் கூப்பிட வேண்டும். ஆள் பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு இரைச்சல். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரே ஒரு சொல்: “வாரேன்”.

காலையில் சொன்னதை மாற்றிச் சொல்லிவிட்டான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கோபம் தீர்ந்து வருகிறான், வந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்தாள். கை தானாகப் போய் ‘திரும்புகிறது’ பொத்தானை அமுக்கியது. அந்தக் கரைக்கு இருந்ததே ஒரு மீட்புப் படகு. அது வேறொரு வள்ளத்துக்குப் போய் ஆறு பேரைக் காப்பாற்றியது. கஸ்பாரின் வள்ளத்திலிருந்து ஒரு கேன் மட்டும் மூன்றாம் நாள் கரை ஒதுங்கியது.

ஆறு பேர் பிழைத்தார்களே என்று பார்க்கிறவர்கள் எல்லாம் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த ஆறு பேர்மேலும் ஆத்திரம் வந்தது. இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மத்தியானம் விரோணி வந்தாள். கஸ்பாரோடு வள்ளத்தில் போன தொம்மையின் மனைவி. மஞ்சள் கயிறு கழுத்தில் அப்படியே இருந்தது; தலையில் பூகூட வைத்திருந்தாள். நாளைய விசாரணைக்கு முந்தின நாளே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

“யக்கா, நாளைக்கு எங்களுக்கும் கேக்க விடுவாங்கள்ல?”

“விடுவாங்க.”

“எங்க வீட்டுக்காரவுக கஸ்பார் அண்ணன் பின்னாலதான் நின்னிருப்பாவ. பேசலன்னாலும் பரவால்ல. எப்பவும் ஒரு இருமல் இருக்கும்லா அவுகளுக்கு. இருமுனாக்கூட நான் கண்டுபிடிச்சிருவேன்.” விரோணி சிரிக்கவே செய்தாள். “ஊர்ல எல்லாரும் செத்தவுகளுக்கு வைக்கிற பூசைய வைக்கச் சொல்லுதாக. நான் மாட்டேன்னுட்டேன். கஸ்பார் அண்ணன் வாரேன்னு சொல்லியிருக்காவ. சொன்னா வந்துருவாவ. காத்து தள்ளிக்கிட்டு எந்தத் தீவுலயோ ஏத்திருக்கும். போன வருசம் மூணு மாசங்கழிச்சு வரல, அந்த ஆள்கள்?”

வாரேன்னு சொல்லியிருக்காவ. பிரான்சிஸ்கா காதில் அந்தக் கடைசி ‘னு’ வந்து முட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு ‘வாரேன்’ என்ற சொல்லுக்கு வால் ஏதாவது இருந்ததா? அவள் கை பொத்தானுக்குப் போனபோது காதில் இன்னும் ஏதோ விழுந்துகொண்டிருந்ததா?

“யக்கா, என்ன யோசிக்கீய?”

“ஒண்ணுமில்லட்டி. சாப்ட்டியா?”

ஒரு இருமலுக்காக இவள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். பிரான்சிஸ்கா அவளை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, கீழே போய், பூஸ்டரை நிறுத்த வேண்டாம் என்று சங்கரலிங்கத்திடம் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “உங்க இஷ்டம் யம்மா,” என்றார்.

மறுநாள் பத்து மணிக்குக் கீழ்த்தளத்தில் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். விசாரணை அலுவலர் வசுமதி சென்னையிலிருந்து வந்திருந்தார். நல்ல மாதிரியான பெண்மணி. உட்காருவதற்கு முன்னால் எல்லாருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். காணாமல்போன நான்கு பேரின் வீட்டாரும் வந்திருந்தார்கள். கஸ்பாரின் தம்பி சூசை மதினிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றான்.

சங்கரலிங்கம் ஒரு விசையைத் திருப்பினார். ஒலிபெருக்கியில் பெருமழை பெய்கிற சத்தம் வந்தது. மழை இல்லை, பன்னிரண்டு நாளாகச் சேர்ந்த இரைச்சல். அறையில் எல்லாரும் முன்னால் குனிந்தார்கள். விரோணி கண்ணை மூடிக்கொண்டாள்.

பிரான்சிஸ்கா கண்ணை மூடவில்லை. மூன்று வருடம் இரைச்சலுக்குள் கையை விட்டுக் குரலை எடுத்த காது அவளுடையது. அவளுக்குக் கேட்டது.

“பிரான்சி, தண்ணி ஏறிட்டு. ஆள அனுப்பு. வாரேன்னு நெனச்சிராத.”

அதோடு முடிந்தது. ஒலிபெருக்கியில் இரைச்சலும் நின்றது. கம்பிக்குள் இனி ஒன்றும் இல்லை.

“இருமுனாவ!” என்று விரோணி எழுந்துவிட்டாள். “கேட்டீங்களா? கடைசியில, ரெண்டு தடவ! அவுகதான், அவுகளேதான்!” யாருக்கும் எந்த இருமலும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த கிழவர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

வசுமதி எதிரில் இருந்த திரையைப் பார்த்தார். சுத்தப்படுத்தின குரலை மிஷின் எழுத்தாக்கியிருந்தது. “‘பிரான்சி. வாரேன்.’ அன்னைக்குப் பதிவானது எதுவோ அதேதான் இப்பவும். சந்தேகத்துக்கு இடமில்லைன்னு மிஷின் சொல்லுது.” அவர் பிரான்சிஸ்காவிடம் திரும்பினார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. “உங்க மேல எந்தத் தப்பும் இல்லம்மா.”

இங்கே எழுந்து கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

“இல்ல மேடம்,” என்றாள் பிரான்சிஸ்கா. “அவுக ஆள அனுப்பச் சொல்லியிருக்காக. தண்ணி ஏறிட்டுன்னாக. வாரேன்னு நெனச்சிராதன்னுதான் சொன்னாக. நான் வாரேன்னு நெனச்சிட்டேன்.”

வசுமதி பேனாவைக் கீழே வைத்தார்.

“இது வேற யாருக்காவது கேட்டுச்சா?” என்று வசுமதி கேட்டார். தலைகள் இல்லை என்று ஆடின. “மிஷினுக்கு ஏன் கேக்கல?”

சங்கரலிங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மேடம், இந்த மிஷினுக்குக் கடற்கரைப் பேச்சு தெரியாது. இந்தம்மா மூணு வருசமா அமுக்குன பொத்தான வச்சுத்தான் அது படிச்சிருக்கு. இதுக்கு இன்னதுதான் அர்த்தம்னு இவங்க சொன்னா அது கேட்டுக்கிடும். அன்னைக்கு இவங்க ‘திரும்புகிறது’ன்னு அமுக்குனதையும் அது படிச்சிருக்கு.”

“அதாவது, அது இவங்க காதுதான்.”

“ஆமா மேடம். அன்னைக்கு இருந்த காது.”

“உங்களுக்கு என்ன கேட்டுச்சு?”

சங்கரலிங்கம் தரையைப் பார்த்தார். “எனக்கு இரைச்சல்தான் கேட்டுது.” அவர் பொய் சொல்கிறாரா என்று பிரான்சிஸ்காவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, கம்பி காலியாகிவிட்டது.

“இன்னொரு தடவ போடுங்க,” என்றாள் அவள். “தயவுசெஞ்சு போடுங்க சார், இவங்களும் கேக்கட்டும். ஒரு ‘னு’ இருக்கு. வாரேன் இல்ல, வாரேன்னு. அந்த ஒரு எழுத்து...”

“போட முடியாது யம்மா. ஒண்ணுமில்ல உள்ள.”

விரோணி எழுந்து வந்து அவள் முன்னால் நின்றாள். பூ வாடிப்போய்க் காதோரம் தொங்கியது. “ஒனக்கு என்ன வந்துச்சு?” நேற்று வரைக்கும் நீங்க என்று சொன்னவள். “அவ்வளவு பெரிய மிஷினு வாரேன்னு சொல்லுது. உம் புருசன் உங்கிட்டச் சண்ட போட்டுட்டுப் போனா, அதுக்கு எம் புருசனயும் சேத்துச் சாவடிப்பியா? எனக்கு இருமல் கேட்டுச்சு. அவுக உசுரோட இருக்காவ.”

“விரோணி, நான்...”

“பேசாத. நீ கேட்டது போதும். இனி நான் கேட்டதத்தான் நான் நம்புவேன்.”

விரோணி வெளியே போனாள். சூசை கதவைத் திறந்துவிட்டான். மதினியை அவன் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

வசுமதி அறிக்கையை அங்கேயே எழுதி முடித்தார். துக்கத்தில் இருக்கிறவரின் செவி சாட்சியாகாது, மிஷின் கேட்டதே பதிவாகும், கேட்பாளர்மேல் குற்றமில்லை. ஆனால் இருபொருள் தருகிற ஒரு சொல்லை நம்பி உயிர்கள் இருந்தது சரியில்லை என்று ஒரு பத்தி சேர்த்தார். “இந்தக் கேஸ்ல குத்தவாளின்னு யாராவது இருந்தா, அது அந்தச் சொல்தான்மா,” என்று போகும்போது பிரான்சிஸ்காவின் தோளைத் தொட்டுச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

ஒரு மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. கோவில் சுவரிலும் ஏலக்கூடத்திலும் ஒட்டினார்கள். வயர்லெஸ்ஸில் ‘வாரேன்’ என்ற சொல் இனி எந்தப் பொருளிலும் கூடாது. கரைக்கு வருகிறவர்கள் ‘திரும்புகிறோம்’ என்று சொல்ல வேண்டும். பேச்சை முடிக்கிறவர்கள் ‘போறேன்’ என்று மட்டுமே சொல்ல வேண்டும். கேட்பாளர் அதற்கு ‘போங்க’ என்று பதில் சொன்னால்தான் இணைப்பு முடியும். அதுவரை சிவப்பு விளக்கு எரியும். அடுத்த வள்ளம் பேச முடியாது.

முதலில் கரையே கொந்தளித்தது. கடலில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைச் சொல்லவா என்று பெரியவர்கள் வயர்லெஸ்ஸைப் பிடுங்கிப் போட்டார்கள். பிடுங்கிப் போட்டவர்களுக்குக் கடல் அனுமதி நின்றது. சிலர் சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சிலர் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். மிஷின் ‘மறுபடி சொல்லவும்’ என்று கேட்டது. நாளாக ஆக எல்லாருக்கும் பழகிவிட்டது. கடலில் பழகின நாக்கு வீட்டில் மட்டும் மாறுமா? வாசலிலும் ‘போறேன்’ என்று இறங்க ஆரம்பித்தார்கள். அந்தக் கரை முழுக்க விரோணி ஒருத்திதான் இன்னமும் எங்கே கிளம்பினாலும் ‘வாரேன்’ என்று சொல்கிறாளாம்.

பிரான்சிஸ்கா வேலையை விடவில்லை. விட்டால் கடற்கரைப் பேச்சே தெரியாத யாராவது அந்த நாற்காலியில் உட்காருவார்கள் என்று காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மை அது இல்லை. தண்டனை தர ஒருத்தரும் இல்லாத ஊரில் அவளுக்குக் கிடைத்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

ஒருநாள் மத்தியானம், வாடை மறுபடி திரும்பின நேரத்தில், ஒரு வள்ளம் கூப்பிட்டது. சூசை. விசாரணைக்குப் பிறகு அவளோடு அவன் பேசியதே இல்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குரல் என்று ஊரில் சொல்வார்கள். வயர்லெஸ்ஸில் அது இன்னும் ஒன்றாகிவிடும்.

“மையம், இன்னும் தெக்க தள்ளிப் போயி வல விடுதோம். நாலு பேரு. எல்லாரும் நலம்.” கொஞ்சம் நிறுத்தினான். “போறேன்.”

அவள் வாயைத் திறந்தாள். ‘வாங்க’ என்றுதான் நாக்கில் இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வரிசையில் இன்னும் ஏழு வள்ளங்கள் காத்திருந்தன.

“மதினி?” என்றது அந்தக் குரல். “கேக்குதா? போறேன்.”

“போங்க,” என்றாள் பிரான்சிஸ்கா.